முதலில் மேசை, அப்புறம் சோபா: ஈசூன் நான்கறை வீடு ஒன்றின் ஹால்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு ஹாலை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் டிவியில்தான் ஆரம்பிப்பார்கள். டிவி எந்தச் சுவரில் என்று முடிவானதும் அதற்கு எதிரே சோபா, சோபாவுக்கு முன்னால் காபி டேபிள் என்று வரிசையாக வந்துவிடும். இவ்வளவும் போக மிஞ்சிய மூலையில் சாப்பாட்டு மேசையைத் தள்ளிவிடுவார்கள். ஈசூனில் நான் செய்த இந்த வீட்டில் அந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட்டோம். மேசைக்கு முதலில் இடம் பார்த்தோம், அடுத்தது நடக்கிற வழி, அதற்குப் பிறகு சோபா. டிவி கடைசி. சுவர் எதையும் உடைக்காமலே ஹாலின் நெருக்கடி தீர்ந்தது. எப்படி என்பதை அளவுகளோடு எழுதுகிறேன். இதே மாதிரி வீட்டில் இருப்பவர்கள் டேப்பை எடுத்துத் தங்கள் ஹாலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வீடும் வீட்டு மனிதர்களும்

1980களில் கட்டிய காரிடார் புளோக்கில் 92 சதுர மீட்டர் நான்கறை வீடு. கணவன், மனைவி, உயர்நிலை இரண்டில் படிக்கும் மகன், தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மகள், கணவரின் அம்மா என்று ஐந்து பேர். பாட்டிக்கு 78 வயது. முழங்கால் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து வீட்டுக்குள் வாக்கர் வைத்துத்தான் நடக்கிறார்.

ஹால் 6.8 மீட்டர் நீளம், 3.2 மீட்டர் அகலம். வாசல் கதவும் ஜன்னலும் காரிடார் பக்கம், கதவு வலது ஓரத்தில். உள்ளே நேராகப் போனால் அதே வலது ஓரத்தில் சமையலறைக் கதவு. நடுவழியில் வலது சுவரில் படுக்கையறைகளுக்குப் போகிற திறப்பு. அந்தக் காலத்துக் காரிடார் வீடுகள் பலவற்றில் இப்படித்தான். வெளிச்சம் இரண்டு முனைகளில் மட்டும் வரும், சாப்பிடுகிற இடம் நடுவில் இருட்டாகக் கிடக்கும். காரிடாரில் ஆட்கள் நடப்பதால் ஜன்னல் திரையை யாரும் திறப்பதுமில்லை.

மனைவி முதலில் கேட்டது: "அக்கா, கிச்சன் சுவரை உடைச்சு ஓப்பன் கிச்சன் பண்ணிட்டா ஹால் பெரிசாத் தெரியும்ல?" கணவருக்கு 75 அங்குல டிவி வேண்டும். பிள்ளைகள் எதுவும் கேட்கவில்லை. பாட்டி கேட்டது ஒன்றே ஒன்று, சாமி விளக்கை நானே ஏற்ற வேண்டும்.

ஒரு மாலையில் என்ன நடக்கிறது

எந்த வீட்டுக்கும் வேலைநாள் சாயங்காலத்தில்தான் முதலில் போவேன். ஞாயிற்றுக்கிழமை வீடு விருந்தாளிக்காகத் துடைத்து வைத்த வீடு. புதன்கிழமை ஏழு மணிக்குத்தான் அது உண்மையாக எப்படி இயங்குகிறது என்று தெரியும்.

இந்த வீட்டில் டிவி இடது சுவரில் இருந்தது, 50 செ.மீ. ஆழமுள்ள கன்சோல் மேல். வலது சுவரோரம் எல் வடிவ சோபா. நடுவில் 75 செ.மீ. அகலக் கண்ணாடி டேபிள். கணக்குப் பார்ப்போம். 320 செ.மீ. அகலத்தில் கன்சோல் 50, சோபா 95, சோபாவுக்கும் டேபிளுக்கும் இடையே கால் வைக்க 42, டேபிள் 75. நடக்க மிஞ்சுவது 58 செ.மீ. பாட்டியின் வாக்கர் 62 செ.மீ. அகலம்.

வாசலில் நுழைந்தால் சோபாவின் கை எதிரே நிற்கும். அதைச் சுற்றி இடது பக்கம் வந்து, டிவியை ஒட்டி நடந்து, சோபாவின் எல் முனையைத் தாண்டி, மறுபடி வலது பக்கம் திரும்பினால்தான் அறைக்கோ சமையலறைக்கோ போக முடியும். மற்றவர்கள் உடம்பை ஒருக்களித்துப் போய்விடுவார்கள். பாட்டியால் முடியாது. அதனால் அவர் ஹாலுக்கு வருவதையே விட்டுவிட்டார். சமையலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய்விடுவார். "அத்தைக்கு அதுதான் வசதி" என்றார் மருமகள். எனக்கு அது வசதியாகப் படவில்லை. 58-க்கும் 62-க்கும் உள்ள அந்த நாலு செ.மீ.தான் அவரை வெளியே நிறுத்தியிருந்தது.

சாப்பாட்டு மேசை ஆறு பேருக்கானது, வெள்ளை மார்பிள். அதன் மேல் லேப்டாப் இரண்டு, மருந்து டப்பா, கடிதங்கள், துவைத்து மடிக்காத துணி, மகளின் கலைப்பாடத்துக்கான அட்டைகள். குடும்பம் சோபாவில் தட்டை மடியில் வைத்து டிவி பார்த்தபடி சாப்பிட்டது. மார்பிள் சுண்ணாம்புச் சத்துள்ள கல். எலுமிச்சை, புளி, தயிர் எது பட்டாலும் பளபளப்பு அரித்துப் போகும். மஞ்சள் உள்ளே இறங்கிவிடும். இந்த மேசையில் வட்ட வட்டமாக ரசத் தடங்கள் இருந்தன. நம் சமையலுக்கு மார்பிள் மேசை சரிப்படாது என்பதை வாங்கும்போது கடையில் யாரும் சொல்வதில்லை.

பூஜை அலமாரி டிவிக்கு மேலே. சோபாவில் கால் நீட்டினால் கால் சாமியை நோக்கித்தான் இருக்கும். பாட்டிக்கு அது உறுத்தல், கையும் எட்டாது. ஆகவே விளக்கு ஏற்றுவது பேரனின் வேலை, அதுவும் அவனுக்கு நினைவு வந்தால்.

சுவரை ஏன் தொடவில்லை

வீவக வீட்டில் சுவரை உடைக்க அனுமதி வாங்க வேண்டும், பதிவு பெற்ற குத்தகையாளர்தான் செய்ய வேண்டும், கட்டடத்தைத் தாங்கும் சுவரைத் தொடவே கூடாது. குடியிருந்து வரும் பழைய வீட்டில் புதுப்பிப்பு வேலைக்கு ஒரு மாத கால வரம்பு உண்டு. உடைப்பு மாதிரி சத்தமான வேலைகள் வேலைநாளில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டும். இவை எதுவும் செய்ய முடியாத காரியம் இல்லை. வேறு காரணத்துக்காகத்தான் வேண்டாம் என்றேன்.

இந்த வீட்டில் தினமும் தாளிப்பு உண்டு, வாரத்தில் இரண்டு நாள் மீன் பொரிக்கிறார்கள். சிங்கப்பூர் ஈரப்பதத்தில் எண்ணெய்ப் புகை துணி சோபாவில் இறங்கினால் வாசனை போகாது. அதோடு, சுவரை உடைத்து மனைவிக்கு வேண்டியிருந்தது இடம் அல்ல, வெளிச்சம்தான். பேசப் பேச அது அவருக்கே தெளிவானது. அதனால் சமையலறையின் பழைய மரக்கதவை எடுத்துவிட்டு, மேலிருந்து கீழ்வரை கண்ணாடி வைத்த சறுக்குக் கதவு போட்டோம். தாளிக்கும்போது மூடலாம். மூடினாலும் சமையலறை ஜன்னல் வெளிச்சம் மேசை வரை வரும். பாதுகாப்புக்காக டெம்பர்டு கண்ணாடி. கீழே தண்டவாளம் இல்லாமல் மேலே தொங்கும் வகையாகத் தேர்ந்தெடுத்தோம். தரைத் தண்டவாளத்தில் வாக்கரின் சக்கரம் மாட்டும்.

மேசைக்கு இடம்

மேசையின் அளவை முடிவு செய்ய நான் வாங்கிப் போனது டேக்கா சந்தையில் ஒரு கட்டு வாழை இலை. ஒருவர் தோள் இடிக்காமல் உட்கார 60 செ.மீ. அகலம் வேண்டும் என்பது பொதுக் கணக்கு, இலைக்கும் அது பொருந்தும். ஆழம்தான் கேள்வி. அகலமான நுனி இலை ஒன்று 35 செ.மீ. பிடிக்கும். எதிரெதிரே இரண்டு இலை போட்டால் 70. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 80 செ.மீ. மேசையில் நடுவே மிஞ்சுவது 10 செ.மீ., ஒரு சாம்பார் வாளிகூட நிற்காது. 90 செ.மீ. மேசையில் 20 கிடைக்கும். ரசப் பாத்திரம், அப்பளக் கூடை, நெய்க்கிண்ணம் வரிசையாக நிற்கும். பழைய மார்பிள் மேசையும் அதே 90 தான், ஆனால் ஒரு நீளப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்ததால் அந்தப் பக்கம் உட்கார வழியில்லை.

புது மேசை 140-க்கு 90, இழுத்தால் 180 ஆகும். மேல்பரப்பு சின்டர்ட் ஸ்டோன், அதாவது அழுத்திச் சுட்டுச் செய்த செயற்கைக் கல். மஞ்சளும் புளியும் துடைத்தால் போய்விடும். விளிம்பில் பலமாக இடித்தால் தெறிக்கும் என்பதால் முனைகளை உருட்டி எடுக்கச் சொன்னோம். வாக்கர் பக்கத்தில் கூர்முனை இருக்கக் கூடாது என்பதும் ஒரு காரணம்.

இந்த மேசையை ஹாலின் உள்பாதியில், இடது சுவரை ஒட்டிய ஒரு பெஞ்சோடு சேர்த்துப் போட்டோம். அகலவாக்கில் கணக்கு இது: பெஞ்ச் 42, அதில் 10 செ.மீ. மேசைக்கு அடியில் போகும், மேசை 90, மறுபக்கம் நாற்காலி இழுத்து உட்கார 75, அதற்கு அப்பால் நடக்க 90. மொத்தம் 287. ஹாலின் 320-இல் 33 செ.மீ. கையிருப்பு. அந்தக் கையிருப்பும் நடைவழியோடுதான் சேர்கிறது.

பெஞ்சில் பிள்ளைகள். பாட்டிக்குப் பெஞ்ச் ஆகாது. கை வைத்த நாற்காலி, மேசையின் சமையலறைப் பக்க முனையில். அவர் யாரையும் எழுப்பாமல் வந்து உட்காரலாம், வாக்கரைப் பக்கத்திலேயே நிறுத்தலாம். வீட்டில் மூத்தவருக்குத் தலைமாட்டு இடம் கொடுத்தது போலவும் ஆயிற்று. அதை நான் திட்டமிட்டுச் சொல்லவில்லை, மகன்தான் சொன்னான்.

இடது பக்கம் உட்கார, வலது பக்கம் நடக்க

மேசை இடது சுவருக்குப் போனதும் மற்றதெல்லாம் தானாக விழுந்தது. வாசல் கதவு, அறைத் திறப்பு, சமையலறைக் கதவு மூன்றும் வலது பக்கம். அப்படியானால் வலது பக்கம் முழுக்க வழியாக இருக்கட்டும். உட்காருவதற்கான எல்லாம் இடது சுவருக்கு. சோபா இடது பக்கம் வந்தது, டிவி வலது சுவருக்குப் போனது.

இதற்கு ஒரே தடை பழைய ஆண்டெனா பாயிண்ட் இடது சுவரில் இருந்ததுதான். கட்டியவர்கள் அந்தக் காலத்தில் வைத்த ஒரு பாயிண்ட்டுக்குக் கட்டுப்பட்டு நாற்பது வருடமாக அந்த ஹாலில் எல்லாம் அந்தத் திசையிலேயே இருந்திருக்கிறது. இந்த வீட்டில் வசந்தம் நாடகம்கூட இணையம் வழியாக மீவாட்சில்தான் ஓடுகிறது. டிவிக்குத் தேவை ஒரு மின்சாரப் பிளக் மட்டும். உரிமம் பெற்ற மின் ஊழியரை வைத்து வலது சுவரில் புதுப் பிளக் எடுத்தோம்.

டிவிக்குக் கீழே 30 செ.மீ. ஆழத்தில் சுவரில் மாட்டிய அலமாரி. சோபா கால் வைத்த நேர் சோபா, 2 மீட்டர் நீளம், 85 செ.மீ. ஆழம். இரண்டுக்கும் இடையே 205 செ.மீ. வெறும் தரை. அதில் 90 நடைவழிக்குப் போனாலும் ஒரு மீட்டருக்கு மேல் மிச்சம். காபி டேபிளை எடுத்தே விட்டோம், சோபாவின் இரு பக்கமும் சின்ன ஸ்டூல் மாதிரி மேசைகள். இதற்குத்தான் கணவரும் மனைவியும் சேர்ந்து எதிர்ப்புச் சொன்னார்கள். காபி டேபிள் இல்லாத ஹால் ஹால் மாதிரியே இல்லை என்றார்கள். பாய் விரித்து நாலு பேர் உட்கார்ந்து பேச, மகள் தரையில் அட்டை வெட்ட, உறவினர் குழந்தை தவழ இடம் வேண்டும் என்றால் அந்த டேபிள் போகத்தான் வேண்டும். நம் வீடுகளில் தரையும் ஒரு இருக்கைதான்.

டிவி 55 அங்குலத்தில் நின்றது. சோபாவிலிருந்து பார்க்கும் தூரம் இரண்டு மீட்டரும் கொஞ்சமும். அந்தத் தூரத்தில் 75 அங்குலம் என்றால் 166 செ.மீ. அகலத் திரை, பக்கத்துக்குப் பக்கம் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கும். இந்த அமைப்பில் ஒரு குறை உண்டு: யார் நடந்தாலும் டிவிக்குக் குறுக்கேதான் நடப்பார்கள். சோபாவுக்குப் பின்னால் வழி விட்டிருந்தால் அது தீரும். ஆனால் 3.2 மீட்டர் அகலத்தில் அப்படிச் செய்தால் டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே ஒன்றே கால் மீட்டர்கூட மிஞ்சாது. வழியா டிவியா என்றால் வழிதான் என்று முடிவெடுத்தோம்.

பாட்டிக்கென்று தனியாக ஒரு கை நாற்காலி, சோபாவின் உள்முனையில். இருக்கை உயரம் 48 செ.மீ. பழைய சோபா 38 செ.மீ.; அதில் உட்கார்ந்தால் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். அந்தப் பத்து செ.மீ. வித்தியாசத்தில் அவர் தானாகக் கையை ஊன்றி எழுந்துவிடுகிறார். சமையலறை வாசலில் இருந்த சின்னப் படிக்கு வீவக-வின் ஈஸ் திட்டத்தில் சரிவுப் பலகைக்கு விண்ணப்பித்தோம். 65 வயதோ அதற்கு மேலோ ஆன மூத்தோர் உள்ள வீடுகளுக்கு அரசு மானியத்தோடு கைப்பிடி, சரிவுப் பலகை கிடைக்கும். புதுப்பிப்புச் செலவில் இதையும் சேர்த்துவிடாதீர்கள்.

சாமி இடம்

எனக்குப் பிடித்த பகுதி இது. மேசைக்கு அப்பால், இடது சுவரில், சமையலறைக்கு முந்தைய மூலையில் 70 செ.மீ. அகலம் கிடைத்தது. இந்த வீட்டின் இடது சுவர் கிழக்கு. சாமி மேற்குப் பார்க்கும், கும்பிடுகிறவர் கிழக்குப் பார்ப்பார். பாட்டியிடம் கேட்டுத்தான் செய்தோம், "அது போதும்" என்றார்.

விளக்குத் தட்டு தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடியே திரி போட்டு, எண்ணெய் ஊற்றி, ஏற்றலாம். தட்டுக்குக் கீழே இழுப்பறையில் திரி, கற்பூரம், தீப்பெட்டி, குனிய வேண்டியதில்லை. விளக்குக்கு நேர் மேலே பலகை வராமல் மேல்பக்கத்தைத் திறந்துவிட்டோம். பின்சுவரில் ஓடு, புகைக் கறையை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். சீலிங் ஃபேன் சோபாப் பக்கம் மட்டும், சாப்பாட்டுப் பக்கம் ஒரு சுவர் ஃபேன், அதன் காற்று சாமி மூலைக்குப் போகாத திசையில். சுடரும் அணையாது, அப்பளமும் பறக்காது. தீ எச்சரிக்கைக் கருவி 2018 ஜூன் முதல் புது வீடுகளுக்குத்தான் கட்டாயம், இந்த வீட்டுக்கு இல்லை. இருந்தாலும் மாட்டினோம், சாம்பிராணிப் புகை நேராகப் படாத தூரத்தில்.

ஒரு சிக்கல் மிச்சம். பக்கத்திலேயே சாப்பாட்டு மேசை, மேசையில் ஆட்டிறைச்சி வரும். பாட்டி ஒரு நிபந்தனை சொன்னார்: மேசைப் பக்கம் முழு உயரத்துக்கு ஒரு மறைப்பு, முன்னால் மூடுகிற கதவு. இரண்டும் செய்தாயிற்று. அசைவம் சமைக்கிற நாளில் கதவு மூடியிருக்கும். காற்றுப் போக மணி வடிவத் துளைகள் போட்ட மரக்கதவு அது, மூடியிருக்கும்போதும் அழகு.

வெளிச்சம், நிறம், சுவர்

முன்பு ஹால் முழுக்க இரண்டு நீளக் குழல்விளக்கு, வெள்ளை வெளேர் என்று 6500 கெல்வின். அந்த ஒளியில் சோறு நீலம் பூத்துத் தெரியும். இப்போது மேசைக்கு மேல் இளமஞ்சள் ஒளி தரும் 3000 கெல்வின் தொங்கு விளக்கு ஒன்று, அடிப்பாகம் மேசையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில், எதிரே இருப்பவர் முகம் மறையாது. பிள்ளைகள் அதே மேசையில் வீட்டுப்பாடம் செய்வதால் தனி சுவிட்சில் 4000 கெல்வின் விளக்கு இரண்டு. சோபாப் பக்கம் விளக்குகளை ஃபேன் இறக்கை சுற்றும் வட்டத்துக்கு வெளியே வைத்தோம். இறக்கைக்கு மேலே விளக்கு வந்தால் ஹால் முழுக்க நிழல் வெட்டி வெட்டி ஓடும், தலைவலிதான்.

காரிடார் ஜன்னலில் தரையிலிருந்து 160 செ.மீ. உயரம் வரை பனிக்கண்ணாடித் தாள் ஒட்டினோம். நடப்பவர்களுக்கு உள்ளே தெரியாது, மேலிருந்து வானம் வரும். திரை இப்போது பகலில் திறந்தே இருக்கிறது.

சுவர் முழுக்க வெதுவெதுப்பான வெள்ளை. பெஞ்சுக்குப் பின்சுவர் மட்டும் செங்காவி. அந்தச் சுவரில் பாட்டியின் கூறைப்புடவையின் கரை, சட்டம் போட்டு. புடவை மடிப்பில் கிழிந்து போயிருந்தது, கரையும் முந்தானையும் நன்றாக இருந்தன. அரக்குச் சிவப்பில் ஒற்றைச் சரிகை வரி, நடுவே கையகலத்தில் அன்னப்பட்சி. இந்த ஊர் ஈரத்தில் பட்டு கண்ணாடியைத் தொட்டால் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும், ஆகவே சட்டத்துக்குள் துணிக்கும் கண்ணாடிக்கும் இடையே இடைவெளி விட்டு, அமிலமில்லாத அட்டையில் தைத்து நிறுத்தினார்கள். பசை போடவில்லை. ஷோகேஸில் இருந்த பீங்கான் பொம்மைகள், கோப்பைகள், காலி வாசனைப் புட்டிகளில் முக்கால்வாசி போயின. பித்தளைச் சாமான்கள் மட்டும் நின்றன.

முடிந்த பிறகு

சறுக்குக் கதவு, தச்சு வேலை, மின்வேலை, சாமான்கள் எல்லாம் சேர்த்து 9,000 வெள்ளிக்குள் முடிந்தது. பழைய சோபாவையும் மேசையையும் நகர மன்றத்தின் பெரிய பொருள் அகற்றும் சேவை எடுத்துப் போனது. புது சோபா மின்தூக்கிக்குள் நுழையுமா என்று வாங்கும் முன்னே அளந்தோம். இரண்டாகக் கழற்றும் வகையை வாங்கியதற்கு அதுவே காரணம்.

தீபாவளித் திறந்த இல்லத்துக்கு மேசையை 180-க்கு இழுத்து, பெஞ்சைத் தூக்கிச் சோபாப் பக்கம் போட்டு, மேசையைச் சுவரோடு தள்ளிப் பலகார வரிசை ஆக்கினார்கள். எதிர்வீட்டுச் சீனக் குடும்பமும் பக்கத்து மலாய்க் குடும்பமும் வாசலில் நுழைந்து, வலது பக்கமாக வந்து, தட்டை நிரப்பிக்கொண்டு சோபாப் பக்கம் போக நெரிசலே இல்லை என்று மனைவி சொன்னார். இரவுச் சாப்பாடு வாரத்தில் பல நாள் மேசையில்தான். மகன் மட்டும் அடிக்கடி தட்டோடு அறைக்குப் போய்விடுகிறான், அவன் வயதுக்கு அது அப்படித்தான். கணவருக்கு எல் சோபாவில் படுத்துத் தூங்கிய ஏக்கம் இன்னும் தீரவில்லை. பாட்டி மாலையில் விளக்கேற்றிவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்கிறார், பேத்தி எதிரே பாடம் எழுதுகிறாள்.

இனிச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பாட்டிக்கு நாளைக்குச் சக்கர நாற்காலி தேவைப்பட்டால் அது முழுதாகத் திரும்ப 150 செ.மீ. வட்டம் வேண்டும். சோபா முன்னால் உள்ள தரையில் அது தாராளமாக இருக்கிறது. சாப்பாட்டுப் பக்கம் பெஞ்சை எடுத்துவிட்டு மேசையைச் சுவரோடு ஒட்டினால் 32 செ.மீ. கூடும், நடைவழி, கையிருப்பு, நாற்காலி இடம் மூன்றையும் சேர்த்தால் திரும்ப இடம் போதும். அதற்காகவே பெஞ்சைச் சுவரில் பொருத்தாமல் தனியாக விட்டிருக்கிறோம்.